முதுகுத் தண்டில் அடிபட்டவரின் இருதயத்துக்கும் வேலை வேண்டும்



கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய பிரசுரம் இது. ஒருவர் படிக்க மற்றவர் கேட்டாலும் சரிதான்.

நம் பக்கத்தில் முதுகுத் தண்டில் அடிபடுவது எப்படி எப்படி நேர்கிறது என்று உங்களுக்கே தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கொட்டகைக் கூரைமேல் ஏறி ஷீட் மாற்றும்போது கால் வழுக்குகிறது. கட்டட வேலையில் சாரம் சரிகிறது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவு ஷிப்டு முடிந்து வருகிறவரின் பைக்கை லாரி இடிக்கிறது. பனையில் ஏறியவர், புளி உலுக்க ஏறியவர், கிணறு தூர் வார இறங்கியவர் என்று ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். பெரும்பாலும் குடும்பம் நடத்துகிற வயதுக்காரர்கள்.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு என்ன? பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். திண்ணையிலோ உள்ளறையிலோ ஒரு கட்டில். அதில் அவர். தண்ணீர் வேண்டுமென்றால் மனைவி, திரும்பிப் படுக்க மனைவி, தலை வார மனைவி. கை இரண்டும் நன்றாக இருக்கிறவருக்குக்கூடச் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிற அம்மாக்கள் உண்டு. பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

"எங்க வூட்டுக்காரரால எழுந்து நிக்கவே முடியல. அவருக்கு எதுக்குங்க தேகப்பயிற்சி?"

கிராம சுகாதாரச் செவிலியரிடம் தாய்மார்கள் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்வி. பதிலையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

முதுகுத் தண்டு என்பது சுண்டு விரல் பருமனில், ஏறக்குறைய ஒன்றரை அடி நீளத்தில், முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புக் கற்றை. மூளையின் உத்தரவு கைகால்களுக்குப் போவதும், கைகால்களின் சேதி மூளைக்கு வருவதும் அதன் வழியாகத்தான். எந்த இடத்தில் அது நசுங்குகிறதோ அதற்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் குறைகின்றன, அல்லது அடியோடு நின்றுபோகின்றன. இடுப்புக்கு மேலே அடிபட்டால் கால்கள் போகும்; கழுத்தில் அடிபட்டால் கைகளும் சேர்ந்து போகும். ஆனால் இருதயம் நிற்கவில்லை, சுவாசப்பை நிற்கவில்லை. அவை அப்படியே இருக்கின்றன, வேலைதான் குறைந்துவிட்டது.

வேலை குறைந்தால் என்ன ஆகும்? நடக்கும்போது நம் கெண்டைக்கால் சதை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே பிதுக்கி அனுப்புகிறது. கால் அசையாதவருக்கு இந்த உதவி இல்லை. இரத்தம் காலிலேயே தேங்குகிறது. சில சமயம் உறைந்தும் போகிறது. தொடைச் சதை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறுகிறது. முன்பு வயலில் உழைத்தபோது சாப்பிட்ட அதே அளவு சோற்றை இப்போதும் போட்டால், எரிக்க அடுப்பில்லாத விறகு மாதிரி அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. தொப்பை வருகிறது, சர்க்கரை வருகிறது, இரத்தக் குழாயில் கொழுப்புப் படிகிறது. ஒரு காலத்தில் இப்படி அடிபட்டவர்களின் உயிரைப் பறித்தவை படுக்கைப்புண்ணும் மூத்திரப்பைக் கோளாறும்தான். அவற்றை ஓரளவு வென்ற பிறகு, இன்று பல வருஷம் வாழ்கிறவர்களுக்கு இருதய நோய் ஒரு முக்கியமான சத்துரு. அதுவும் சாதாரணமாக வருகிற வயதுக்கு முன்பே வரக்கூடும். கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவருக்கு நெஞ்சுவலி தெரியாமலே மாரடைப்பு வரலாம். மூச்சுத் திணறல், தாடை வலி, காரணமில்லாத அசதி, கைகால் இழுப்பு திடீரென்று அதிகமாவது இவையெல்லாம் எச்சரிக்கைகள். "வாயு" என்று ஒதுக்கிவிடக் கூடாது.

படுக்கையிலிருந்து எழுந்தவர்கள்

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் 1944-ல் முதுகுத் தண்டு அடிபட்டவர்களுக்கென்று தனி வார்டு திறந்தார்கள். பொறுப்பேற்றவர் லுட்விக் குட்மன் என்ற டாக்டர். யூதர் என்பதால் ஜெர்மனியை விட்டு வந்தவர். இப்படிப்பட்டவர்கள் கொஞ்ச நாளில் இறந்துபோவார்கள் என்று மற்ற டாக்டர்கள் கைவிட்ட காலம் அது. குட்மன் நோயாளிகளைப் படுக்க விடவில்லை. உட்காரவைத்தார், பந்து வீசச் சொன்னார், வில்லைக் கையில் கொடுத்தார். 1948-ல் 16 பேரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்று உலகம் முழுதும் பார்க்கிற பாராலிம்பிக் விளையாட்டுக்கு வித்து அதுதான்.

நம் நாட்டுக்காரர் முரளிகாந்த் பேட்கர், இராணுவ வீரர். 1965 யுத்தத்தில் குண்டு பாய்ந்து கால்கள் செயலிழந்தன. அவர் நீச்சல் பழகினார். 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்துப் போட்டியில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

வேலூருக்கு வருவோம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர். 1954-ல் கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனார். அதோடு அவர் கதை முடியவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே குஷ்டரோகத்தால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-ல் வேலூரில் முதுகுத் தண்டு அடிபட்டவர்களைத் தங்கவைத்துப் பழக்குகிற மறுவாழ்வு நிலையம் உருவானது அவருடைய முயற்சியால். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1986-ல் காலமானார்.

இவர் ஒரு பெண் என்பதைக் கணவன்மார்கள் கவனிக்க வேண்டும். புருஷனுக்கு அடிபட்டால் மனைவி கூடவே இருந்து பார்க்கிறாள். மனைவிக்கு அடிபட்டால் "கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருக்கட்டும்" என்கிறோம். அந்தக் கொஞ்ச நாள் பல வீடுகளில் முடிவதே இல்லை. கீழே சொல்லியிருக்கிற ஒவ்வொரு காரியமும் மனைவிக்கு அடிபட்டாலும் அப்படியே பொருந்தும். அப்போது பக்கத்தில் இருக்க வேண்டியவர் நீங்கள்.

யாருக்கு மூச்சு வாங்குகிறது?

"தெனம் காலை மடக்கி நீட்டி எண்ணெய் போட்டுத் தேய்க்கிறேனே, அது பயிற்சி இல்லியா?"

அதுவும் வேண்டியதுதான் அம்மா. மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும், தினமும் செய்யுங்கள். ஆனால் செய்யும்போது மூச்சு வாங்குவது யாருக்கு? உங்களுக்கு. அப்படியானால் பயிற்சி நடப்பது உங்கள் இருதயத்துக்குத்தான். அவருடைய இருதயம் உழைக்க வேண்டுமென்றால், அவரிடம் மிச்சமிருக்கிற சதைகளை அவரே அசைத்து, அவருக்கே மூச்சு வாங்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? பல நாட்டு நிபுணர்கள் கூடி 2018-ல் வெளியிட்ட நெறிமுறை ஒன்று உண்டு. வாரத்தில் 2 நாள், நாளுக்கு 20 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற பயிற்சி. அதோடு வாரத்தில் 2 நாள், வேலை செய்கிற ஒவ்வொரு பெரிய சதைக்கும் 3 சுற்று பலப் பயிற்சி. தெம்பு கூட இது போதும். சர்க்கரை, கொழுப்பு, இருதய நோய் இவற்றைத் தடுக்க வேண்டுமென்றால் வாரத்தில் 3 நாள், 30 நிமிஷம். முதல் நாளே 30 நிமிஷம் என்று இறங்காதீர்கள். 5 நிமிஷத்தில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டிப்போங்கள்.

வேகம் சரியா என்று பார்க்கச் சாதாரணமாக நாடி பிடிக்கச் சொல்வோம். இவர்களுக்கு அது எல்லாருக்கும் ஒத்து வராது. காரணம் இதுதான். இருதயம் ஒரு வண்டி மாடு என்று வைத்துக்கொண்டால், அதை நிதானப்படுத்துகிற மூக்கணாங்கயிறு மூளையிலிருந்து தனி நரம்பில் போகிறது. அதை விரட்டுகிற சாட்டையோ முதுகுத் தண்டின் மேல்பகுதி வழியாகப் போகிறது. கழுத்தில் அடிபட்டால் கயிறு இருக்கும், சாட்டை அறுந்துவிடும். எவ்வளவு முயன்றாலும் நாடி நிமிஷத்துக்கு 110, 120, மிஞ்சினால் 130-க்கு மேல் ஏறாது. ஆகவே நாடியை விட்டு வாயை நம்புங்கள். பயிற்சியின்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது, பேசவே முடியவில்லை என்றால் அதிகம். மனைவி பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அளவு தானாகத் தெரிந்துவிடும். (வீட்டுச் சண்டையை அந்த நேரத்தில் தொடங்க வேண்டாம்!)

வீட்டில் இருப்பதைக் கொண்டே

கை நன்றாக உள்ளவருக்குச் சக்கர நாற்காலியைத் தானே தள்ளுவது முதல் பயிற்சி. பின்னால் நின்று தள்ளிவிடாதீர்கள். தெருவின் சிமெண்டு ரோடு, பள்ளிக்கூட மைதானம், கோயிலைச் சுற்றிய தளம் எதுவும் போதும். நெடுஞ்சாலையின் ஓரமும் லாரி போகிற சர்வீஸ் ரோடும் வேண்டவே வேண்டாம். தள்ளும்போது சக்கரத்தைக் குட்டிக் குட்டியாகத் தட்டாமல், நீளமாகத் தள்ளிக் கையைத் தளரவிட வேண்டும். தோள்பட்டைதான் இனி அவருக்குக் கால். அது தேய்ந்துவிட்டால் மாற்று இல்லை.

இன்னொன்று கைப்பெடல். பழைய சைக்கிளின் பெடல், பல்சக்கரம் இரண்டையும் இரும்புச் சட்டத்தில் வைத்து மேஜையோடு பிடிக்கச் செய்தால் கையால் மிதிக்கலாம். நம் ஊர் வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். அச்சின் உயரம் தோளுக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும்.

பலப் பயிற்சிக்குக் கடைச் சாமான் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ எடை. மணல் நிரப்பினால் அதைவிடக் கூடும். சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட டியூபை ஜன்னல் கம்பியிலோ தூணிலோ கட்டி, நெஞ்சை நோக்கி இழுத்து விடுங்கள். இதை அவசியம் செய்ய வேண்டும். நாற்காலி தள்ளுகிறவருக்கு முன்பக்கச் சதை மட்டும் பலப்படும். பின்னோக்கி இழுத்தால்தான் தோளின் பின்பக்கமும் ஈடு கொடுக்கும். கையிரண்டையும் நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கினால் கைக்கும் பலம், பிட்டத்துக்கும் ஓய்வு. ஆனால் அதை நாள் முழுதும் செய்தால் தோள் தாங்காது. படுக்கைப்புண் வராமலிருக்க 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்றினால் போதும்.

கழுத்தில் அடிபட்டுக் கையும் போனவர் என்ன செய்வது? அவருக்கு மூச்சே பயிற்சி. ஆழமாக இழுத்து மெதுவாக ஊதுவது, தினத்தந்தியை உரக்கப் படித்துக் காட்டுவது, பாடுவது எல்லாம் சுவாசச் சதைக்கு வேலை கொடுப்பவை. தோளைத் தூக்கி இறக்க முடிந்தால் அதையும் செய்யட்டும். மேற்கொண்டு இயன்முறை மருத்துவர் சொல்வார். ஆய்க்குடி ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர். 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களுக்கு மறுவாழ்வு தந்தார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இரண்டு ஆபத்துகள், இரண்டுக்கும் எதிரெதிர் வைத்தியம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

முதலாவது, மயக்கம். படுக்கையிலிருந்து உட்காரவைத்ததும் கண் இருட்டுகிறது, முகம் வெளுக்கிறது. இரத்தம் காலுக்கு இறங்கி, இரத்த அழுத்தம் குறைந்துவிட்டது. உடனே தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்துங்கள். நாற்காலியில் இருந்தால் பின்னால் நின்று நாற்காலியையே மெதுவாகச் சாய்த்துப் பிடியுங்கள். இது அடிக்கடி வருகிறவருக்கு வயிற்றைச் சுற்றி அகலமான பட்டி கட்டச் சொல்வார்கள்.

இரண்டாவது, அழுத்தம் திடீரென்று எகிறுவது. நெஞ்சுக்குழிக்கு மேலேயே தொடு உணர்ச்சி நின்றுவிட்டவர்களுக்கு இது வரக்கூடியது. மண்டையைப் பிளக்கிற தலைவலி, முகம் சிவப்பது, அடிபட்ட இடத்துக்கு மேலே மட்டும் குப்பென்று வேர்ப்பது, மயிர்க்கூச்சம் இவை அடையாளம். மூத்திரப்பை நிரம்பியிருக்கும், அல்லது மலம் கட்டியிருக்கும், புண்ணோ, சதைக்குள் வளர்ந்த கால் நகமோ, இறுக்கமான அரைஞாண் கயிறோகூடக் காரணமாகலாம். உடம்பு வலியைச் சொல்ல முடியாமல் இப்படிக் கூச்சல் போடுகிறது. சாதாரணமாக இவர்களுக்கு மேல் அழுத்தம் 90 முதல் 110 வரைதான் இருக்கும். மற்றவர்களுக்குப் பெரிதாகத் தோன்றாத 150 இவர்களுக்கு அபாயம். மூளையில் இரத்தக் கசிவு வரலாம்.

அப்போது படுக்கவைக்கவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். இடுப்புத் துணியையும் வயிற்றுப் பட்டியையும் தளர்த்துங்கள். மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாதவருக்கு மூத்திரத்தை வெளியேற்றுங்கள். அடங்கவில்லையா, 108-க்குப் போன் செய்யுங்கள். வருகிற டாக்டரிடம் "இவருக்கு முதுகுத் தண்டு அடி, பிரஷர் ஏறியிருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பயிற்சிக்கு முன் மூத்திரப்பையைக் காலி செய்துகொண்டால் பாதி ஆபத்து குறையும்.

வெயிலையும் சொல்ல வேண்டும். அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு சரியாக வேர்க்காது. வேர்க்காத உடம்பு ஆறாது. நம் மாவட்டத்துக் கத்திரி வெயிலோடு பழவேற்காடு, பொன்னேரிப் பக்கத்துப் புழுக்கமும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். காலை 7 மணிக்கு முன், அல்லது வெயில் தாழ்ந்த பிறகுதான் பயிற்சி. கழுத்தில் ஈரத் துண்டு, முகத்திலும் கையிலும் தண்ணீர் தெளிப்பு, நிழல், அருகில் குடிநீர் இவை இருக்கட்டும். வெயிலில் நின்ற நாற்காலியின் இரும்பு சுடுகிறதா என்று நீங்கள் கை வைத்துப் பாருங்கள், அவருக்குத் தெரியாது.

காய்ச்சல், படுக்கைப்புண், மூத்திரக் கடுப்பு இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். உள்ளே உறைந்த இரத்தம் நகர்ந்து சுவாசப்பைக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறுவை சிகிச்சை ஆனவர்கள் டாக்டர் அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும்.

தாம்பத்தியம், குழந்தை

வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுகிற விஷயம். அடிபட்டதால் தாம்பத்தியம் முடிந்துவிடவில்லை. பெண்ணுக்கு அடிபட்டால் மாதவிலக்கு சில மாதம் நின்று பிறகு திரும்பும், கருத்தரிக்கவும் முடியும். ஆகவே குழந்தை வேண்டாமென்றால் தடுப்பு அவசியம். ஆனால் உட்கார்ந்தே இருப்பவருக்குக் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. கருத்தடை மாத்திரை அதைக் கூட்டலாம். காப்பர்-டி போட்டால் உள்ளே கோளாறு வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். தானாக முடிவெடுக்காமல் டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பமானால் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். வலி தெரியாமலே பிரசவம் தொடங்கலாம், மேலே சொன்ன அழுத்தக் கோளாறும் அப்போது வரலாம். ஆணுக்கு அடிபட்டால் குழந்தைப் பேறு கடினமாகலாம், ஆனால் அதற்கும் வைத்திய உதவி இருக்கிறது.

எங்கே போவது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும். உங்கள் ஊர்ச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். பெரிய பயிற்சிக்குச் சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. சக்கர நாற்காலி, தனித்துவ அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை இவற்றுக்குத் திருவள்ளூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். ஆதார், குடும்ப அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, போட்டோ எடுத்துப் போங்கள். நாற்காலி வாங்கும்போது அவரையே உட்காரவைத்து அளவு பாருங்கள். அகலம் அதிகமான நாற்காலி தோளைக் கெடுக்கும்.

சிப்காட்டில் வேலையில் இருக்கும்போது அடிபட்டவர் இ.எஸ்.ஐ.யில் பதிவானவர் என்றால், நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் பணம் உண்டு. ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை பார்த்தவருக்கும் பதிவு இருந்தால் அந்த உரிமை உண்டு. விபத்து அறிக்கையின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.